எத்தனை தலகாணி?

எங்கள் பழைய எக்கோ அறைக்கு இப்போது ஒரு பெண்பிள்ளை வேலைக்கு வந்திருக்கிறாள். உதவிக்கு நிற்கும் வேலைக்கு அல்ல, எக்கோ பார்க்கவே வந்திருக்கிறாள். நெஞ்சில் ஒரு கைக்கருவியை வைத்து, காதுக்குக் கேட்காத சத்தத்தை உள்ளே அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு இருதயம் அடிப்பதைத் திரையில் காட்டும் பரிசோதனைதான் எக்கோ. அதற்கென்று படித்து வந்த பிள்ளை. போன கிழமை என்னை வீட்டில் வந்து கண்டாள்.

"ராத்தா, முன்னம் ஆம்பள டொக்டர் மட்டும்தானே இருந்தாரு. நம்மட பொம்புளைகள எப்பிடிச் சமாளிச்சீங்க? எங்கட நலன்புரிச் சங்கப் புத்தகத்துக்கு எழுதித் தாங்களன்" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கதைக்கவும் வராது. ஆனால் அவள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். கதைக்க வராதவள் எழுதத்தானே வேண்டும். எழுத்துப் பிழைகளை மருமகள் திருத்தியிருக்கிறாள். மற்றதெல்லாம் என்னுடையது.

கல்முனைப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சிற்றூழியராகச் சேர்ந்தேன். கூட்டுவது, துடைப்பது, ட்ரொலி தள்ளுவது என்று பல வருசம் போனது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எக்கோ மெசின் வந்தபோது, பெண் நோயாளிகளோடு அறைக்குள் நிற்க ஒரு பெண் வேண்டும் என்றார்கள். வார்ட் சிஸ்டர் எங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டு, "கதைக்காத ஆள்தான் வேணும். உள்ளுக்குப் பாத்தத வெளிய கொண்டுபோகாத ஆள்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். வாய் இல்லாததற்காக ஒருவருக்கு வேலை கிடைத்தது எங்கள் ஆஸ்பத்திரியில் அது ஒரு தரம்தான்.

அங்கே இருந்த பெரிய டொக்டர் காரைதீவுக்காரர். மெலிந்த, உயரமான மனிதர். நான் அவரை சேர் என்பேன். எல்லோரும் என்னை, அக்கா என்ற முறையில், ராத்தா என்பதால் அவரும் ராத்தா என்பார். சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. அவசரம் வந்தால் அவருடைய குரல் இன்னும் இறங்கும். அதனால் அவர் மெதுவாகக் கதைக்கத் தொடங்கினால் எங்களுக்கு நெஞ்சு இடிக்கும்.

முதல் கிழமையே அவர் எனக்கு ஒரு முறையைச் சொல்லித் தந்தார். பெண் நோயாளி உள்ளே வந்ததும் அவர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிடுவார். நான் அந்தப் பெண்ணை இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, இடது கையைத் தலைக்குக் கீழே வைக்கச் சொல்லி, நெஞ்சில் மூன்று இடத்தில் வயர் ஒட்டி, மேலே துணியைப் போர்த்துவேன். அந்தத் துணியை நானே தைத்தேன். பச்சை நிறப் பழைய துணி. இடது பக்கத்தில் ஒரு திறப்பு வைத்து, அதன்மேல் ஒரு மடிப்பும் வைத்திருந்தேன். கை மட்டும் உள்ளே போகும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அபாயாவைக் கழற்றவும் தேவையில்லை. முன்பக்கத்தைத் தளர்த்தினால் போதும்.

எல்லாம் முடிந்ததும் சேர் திரும்பாமலே கேட்பார். "சரியா ராத்தா?"

"ஓம் சேர்."

அதற்குப் பிறகுதான் திரும்புவார். திரும்பினாலும் பார்வை திரையில்தான் இருக்கும். பிறகுதான் எனக்கு விளங்கியது, அந்த வேலையே அப்படித்தான். கை நெஞ்சில் இருக்கும், கண் திரையில் இருக்கும். நெஞ்சைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அவர் திரும்பி நிற்கும் சுவரில் பள்ளிவாசல் கலண்டர் ஒன்று தொங்கியது. நாள் முழுக்க அதையே பார்த்துப் பார்த்து அந்த மனிதருக்குத் தொழுகை நேரங்கள் மனப்பாடம். "ராத்தா, அஸர் கொஞ்சம் பிந்திட்டுது. இந்த நோயாளி முடிஞ்சதும் போய்த் தொழுதிட்டு வாங்க" என்பார். காலையில் கோயிலுக்குப் போய் நெற்றியில் நீறோடு வருகிற மனிதர்.

சுவரைப் பார்த்தபடியே அவர் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ராவுக்கு எத்தனை தலகாணி வச்சிப் படுப்பீங்க?" முதலில் நான் அதைச் சும்மா சுகம் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவரே ஒரு நாள் சொன்னார். இருதயம் களைத்தால் தட்டையாகப் படுக்க முடியாது. ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும், பிறகு இருந்தபடியே தூக்கம். "மெசின் சொல்றதுக்கு முன்னால தலகாணி சொல்லிரும் ராத்தா" என்றார்.

ஜெல் என்று ஒரு பசை பூசுவார்கள். மாரி காலத்தில் அது ஐஸ் மாதிரி இருக்கும். போத்தலைச் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் நான் வைத்துக்கொள்வேன். ஆண்களுக்கு நான் வெளியே நிற்பேன். ஆனால் சத்தம் கேட்கும். இரத்தம் ஓடுகிற சத்தத்தை மெசின் பெரிதாக்கிப் போடும். சாய்ந்தமருதுக் கடற்தொழிலாளி ஒருவர் தன்னுடையதைக் கேட்டுவிட்டு, "சேர், எஞ்சின் மிஸ் அடிக்குதா?" என்று கேட்டார். "எஞ்சின் நல்லம் காக்கா. புகைதான் கூட. பீடிய விடுங்க" என்றார் சேர். "பீடிய விட்டா ஸ்டார்ட் எடுக்காதே" என்றார் அவர். வெளியே வரிசையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

அப்படிப் பல பேர் வந்தார்கள், போனார்கள். ஒருவரை மட்டும் நான் மறக்கவில்லை.

மருதமுனை நெசவுக்காரி. பெயரை மாற்றி ஹாஜறா என்று எழுதுகிறேன். அவவின் மாப்பிள்ளை மௌத்தாகி, அவ இத்தா இருந்த காலம். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அலங்காரம் இல்லாமல் வீட்டுக்குள் ஒதுங்கியிருப்பதைத்தான் இத்தா என்கிறோம். எங்கள் ஊர்களில் பழைய வழக்கம் இன்னும் கொஞ்சம் கடுமை. அறைக்குள் திரை கட்டிவிடுவார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை. ஆறுதல் சொல்ல வருகிற பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கதைத்துவிட்டுப் போவார்கள்.

அன்று நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் அவவைச் சில்லுக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெளிநோயாளர் பிரிவில் பார்த்த இளம் டொக்டர் ஒருவர், உடனே எக்கோ பார்க்க வேண்டும் என்று அனுப்பியிருந்தார். கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஹாஜறாவின் தங்கச்சி மைமூன். மௌத்தான மாப்பிள்ளையின் அண்ணன்; நாங்கள் காக்கா என்போம். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அன்று பயந்துபோயிருந்தார். தம்பியின் மனைவியை இத்தாவுக்குள் வெளியே கூட்டிவந்துவிட்டோமே, ஊர் என்ன சொல்லும் என்ற பயம்.

கதவடியிலேயே நின்று, "பொம்புள டொக்டர் இல்லியா?" என்று கேட்டார்.

"இல்ல காக்கா" என்றேன்.

"அப்ப வேற எங்கயும் கொண்டுபோறம். இத்தால இருக்கிற மனிசிய ஆம்பளைக்கிட்டக் காட்டேலாது."

சேர் வெளியே வந்தார். குரல் இறங்கியிருந்தது. 

"கொண்டுபோங்க. நான் மறிக்கல்ல. ஆனா போற வழிய இவ தாங்குவாவா எண்டு நான் பாத்துச் சொல்லணும். அதுக்கு மட்டும் விடுங்க" என்றார்.

காக்கா போனை எடுத்து அவர்களுடைய பள்ளிவாசல் மௌலவிக்கு அடித்தார். கை தவறி ஸ்பீக்கரில் பட்டுவிட்டது போல. மௌலவி சொன்னது வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"மருந்துக்குக் காட்ட இத்தா தடையில்ல காக்கா. மூச்செடுக்க ஏலாத மனிசிய வச்சிக்கிட்டு என்னட்டப் பத்வா கேட்டுக்கிட்டா நிக்கிறீங்க? போன வச்சிட்டு முதல்ல காட்டுங்க!"

காக்கா போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பாரம் இறங்கிய முகம். "அப்ப காட்டுங்க, காட்டுங்க" என்றார்.

ஆனால் ஹாஜறா தலையை ஆட்டினா. உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகும் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தா. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னா.

"அவருக்குச் சரி. மௌலவிக்கும் சரி. எனக்குச் சரியில்ல."

சேர் எழுந்து வழமைபோலக் கலண்டரைப் பார்த்து நின்றுகொண்டார். இனி இது என் வேலை என்று அர்த்தம்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அவவின் காலடியில் குந்திக்கொண்டேன். அவவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். "எனக்கும் ஆம்பளைகளுக்கு முன்னால குரல் வராதுகா. இவ்வளவு காலமா இந்த ரூமுக்குள்ள நிக்கிறன். அந்த மனிசன் என்ட மூஞ்சையே நேராப் பாத்ததில்ல. சந்தையில கண்டா அடையாளம் பிடிப்பாரோ தெரியாது. உங்களயா பாக்கப் போறாரு?"

அவவின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அது இருமலாக மாறியது. இருமல் முடிந்ததும் துணியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டா.

படுக்கையில் ஏற்றி, சரிக்கப் பார்த்தேன். அவ என் தோளை இரண்டு கையாலும் பற்றிப் பிடித்துக்கொண்டா. படுக்க விடவில்லை. வெள்ளைத் துணியைக் கொஞ்சம் தூக்கியபோது பாதம் வீங்கி, மினுங்கிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இவ்வளவு நாளும் திரைக்குப் பின்னால், வெள்ளைக்குள்ளே இருந்தபடியால் அதை ஒருவரும் காணவில்லை.

சேர் சுவரைப் பார்த்தபடி, எங்கள் பிள்ளைகள் தாயைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டார். "உம்மா, ராவுக்கு எத்தனை தலகாணி வச்சிப் படுப்பீங்க?"

மைமூன் முந்திக்கொண்டாள். அவளுடைய குரலில் ஒரு பெருமை இருந்தது. "தலகாணியா சேர்? எங்கட ராத்தா படுக்கிறதே இல்ல. மாப்புள மௌத்தான காலம் தொட்டு விடிய விடிய இருந்து தஸ்பீஹ் ஓதுறதுதான். ஊரே சொல்லுது, இப்பிடி ஒரு பொஞ்சாதி கிடைக்க அந்த மனிசன் குடுத்து வச்சவர் எண்டு."

சேர் "தங்கச்சி, நீங்க சொல்லிட்டீங்க. நான் அவவிட்டத்தான் கேட்டன்" என்றார். "உம்மா, படுத்தா உங்களுக்கு என்ன செய்யும்?"

ஹாஜறா என் தோளைப் பிடித்த பிடியை விடாமலே மூச்சை இழுத்தா.

"தண்ணிக்குள்ள... அமுக்கிப் பிடிச்ச மாதிரி" என்றா ஹாஜறா.

"எவ்வளவு காலமா?"

"கனகாலம். மாப்புள மௌத்தாகிக் கொஞ்ச நாள்ல தொடங்கினது."

மைமூன் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஏன்கா சொல்லல்ல? பக்கத்திலதானே நான் படுத்துக் கிடந்தன்! உங்கட தஸ்பீஹ் சத்தம் கேட்டுக் கேட்டுத்தானே நித்திர கொண்டன்!"

"நீங்க எல்லாரும் அத நல்லதாச் சொன்னீங்க. வாறவங்க எல்லாம் திரைக்கு வெளியில இருந்து மாஷா அல்லாஹ் எண்டாங்க. அதுக்குள்ள நான் எழும்பி, எனக்குப் படுக்க ஏலாமத்தான் இருக்கிறன் எண்டு என்னத்தச் சொல்ற?" மூச்சு வாங்கினா. "சும்மா இருக்கிற நேரம் ஓதினன். பொய்யா ஓதல்ல."

"நீங்க ஓதினது ஓதினதுதான் உம்மா" என்றார் சேர். "படுக்க வேணாம். இருந்தபடியே பாப்பம். சரியா ராத்தா?"

முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, பச்சைத் துணியைப் போர்த்து, திறப்பு நடுவுக்கு வரும்படி இழுத்து மடிப்பைச் சரிசெய்தேன். வயர் ஒட்டினேன். கோப்பையிலிருந்து ஜெல் போத்தலை எடுத்துத் துடைத்தேன்.

"ஓம் சேர்."

அவர் வந்து திரையைப் பார்த்து அமர்ந்தார். கை மடிப்புக்குள் போனது. நெஞ்செலும்புக்குக் கீழே, வயிறு தொடங்கும் இடத்தில் வைத்து மேலே பார்த்தார். படுக்க முடியாதவர்களுக்கு அந்த இடம்தான் உதவும்.

எனக்குப் படம் வாசிக்கத் தெரியாது. ஆனால் பார்த்துப் பார்த்து ஒன்று தெரியும். அந்தத் திரையில் கறுப்பு என்றால் நீர்மம். இருதயத்துக்குள்ளே கறுப்பு இருக்கும், அது இரத்தம். அன்று இருதயத்துக்கு வெளியிலும் சுற்றிவரக் கறுப்பு. அதற்குள்ளே இருதயம், கயிறு தளர்ந்த தோணி மாதிரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. அடிக்க இடமில்லை அதற்கு. நெருக்கித் தள்ளிக்கொண்டு நின்றது தண்ணீர்.

தண்ணீருக்குள் அமுக்கியது போல என்று அவ சொன்னது உள்ளபடியே உண்மை.

சேரின் குரல் இன்னும் இறங்கியது. கை துடைக்கத் துணி கேட்கிற மாதிரிச் சொன்னார். "ராத்தா, சிஸ்டரக் கூப்பிடுங்க. ஊசிச் சாமான் எல்லாம் வேணும் எண்டு சொல்லுங்க. ஓட வேணாம், கொஞ்சம் கெதியா நடந்து போங்க."

நான் ஓடினேன்.

வேறு இடத்துக்குக் கொண்டுபோகிற கதையை ஒருவரும் எடுக்கவில்லை. சேர் காக்காவிடம் வெளியே வந்து சொன்னார். இருதயத்தைச் சுற்றித் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, எடுக்காவிட்டால் அடிப்பு நின்றுவிடும், எக்கோவில் வழி பார்த்துப் பார்த்து ஊசி போட்டு எடுப்போம் என்றார். காக்கா கையொப்பம் வைத்தார். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மைமூனை வெளியே இருத்தினார்கள். நான் ஹாஜறாவின் தலைமாட்டில் நின்றேன். விறைக்க மருந்து போட்டார்கள். சேர் ஒரு கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, நீளமான ஊசியை விலாவுக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஹாஜறா என் கையைப் பிடித்திருந்தா. நெசவுக்காரியின் பிடி. என் விரல்கள் உடையுமோ என்று இருந்தது. அவ கலிமாச் சொல்லிக்கொண்டிருந்தா. மூச்சு போதாமல் பாதியில் நின்றுவிடும். திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவா.

குழாய்க்குள் முதலில் ஒன்றும் வரவில்லை. சேரின் நெற்றி நீறு வேர்வையில் கரைந்து வழிந்தது. ஊசியை மயிரளவு திருப்பினார். மஞ்சளும் சிவப்புமாகத் தண்ணீர் வரத் தொடங்கியது. ஒரு போத்தல் நிறைந்தது. சிஸ்டர் அடுத்த போத்தலை வைத்தார்.

நான் திரையைப் பார்த்தேன். கறுப்பு வளையம் மெலிந்துகொண்டு வந்தது. ஆடிக்கொண்டிருந்த இருதயம் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓரிடத்தில் நின்று அடித்தது. நன்றாக விரிந்து, நன்றாகச் சுருங்கி.

அப்போதுதான் கவனித்தேன். ஹாஜறா கலிமாவை முழுதாகச் சொல்லி முடித்திருந்தா. ஒரே மூச்சில்.

என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. மெதுவாகக் கேட்டது அவவின் குரல்.

"ராத்தா, நான் படுக்கட்டா?"

நான் சேரைப் பார்த்தேன். சேரும் கேட்டிருக்க வேண்டும். திரையைப் பார்த்தபடியே, "குழாய ஒட்டி முடிக்கிறன், கொஞ்சம் பொறுங்க" என்றார். ஒட்டி முடித்ததும், "படுங்க உம்மா. இனிப் படுங்க" என்றார்.

தலையணைகளை ஒவ்வொன்றாக உருவினேன். ஒவ்வொன்று எடுக்கும்போதும் அவ என் முகத்தைப் பார்த்தா, மூச்சு நின்றுவிடுமோ என்று. நிற்கவில்லை. கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினா. ட்ரொலியில் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதே நித்திரை.

சேர் கை கழுவிவிட்டு வந்து கதிரையில் அமர்ந்தார். "ராத்தா, ஒரு பிளேன்டி கிடைக்குமா?" என்றார். அவருடைய குரல் சாதாரணக் குரலாகிவிட்டது. அதைக் கேட்ட பிறகுதான் நான் எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வார்டை எட்டிப் பார்த்தேன். ஹாஜறா குறட்டை விட்டுக்கொண்டிருந்தா. சின்னக் குறட்டை இல்லை. பக்கத்துக் கட்டில்காரி, பாண்டிருப்பு மனிசி, "மிஸ்ஸி, இவட சத்தத்தில எங்களுக்குக் கண் மூடேலாமக் கிடக்கு. ஒருக்காத் திருப்பிப் படுக்க வையுங்களன்" என்று தாதியிடம் முறையிட்டா. மைமூன் கட்டிலடியில் இருந்து அழுதுகொண்டே சிரித்தாள். "திருப்பாதீங்க. அப்பிடியே விடுங்க. குறட்ட விடட்டும், குறட்ட விடட்டும்" என்றாள்.

அந்த நேரம் காக்கா வந்தார். கல்முனைக் கடையில் வாங்கிய புதுத் தலையணைகள் இரண்டு, பொலித்தீன் உறை கழற்றாமல், இரண்டு கக்கத்திலும். அறைக்குள் தலையணை பற்றிய கதை நடந்தது அவருக்கு அரைகுறையாகக் கேட்டிருக்கிறது. டொக்டர் வாங்கிவரச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். பார்வையிட வந்த சேர் அதைக் கண்டார்.

"என்ன காக்கா இது?"

"தலகாணி சேர். எத்தன வேணும் எண்டு தெரியல்ல. ரெண்டு வாங்கினன். காணாட்டி இன்னும் வாங்கலாம்."

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். "இனி அவக்கு ஒண்டு காணும் காக்கா. மத்தத நீங்க வச்சிப் படுங்க. உங்களுக்கும் இண்டைக்கு நல்ல களைப்பு" என்றார்.

தண்ணீர் சேர்ந்ததற்குக் காரணத்தைப் பிறகு கண்டுபிடித்து, பல மாதம் மாத்திரை கொடுத்தார்கள். ஹாஜறா மிச்ச இத்தாவை வீட்டில் இருந்து முடித்தா. கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் என்னைத் தேடி வந்து கையைப் பிடிப்பா. பிறகு தறிக்குத் திரும்பிவிட்டா என்று கேள்விப்பட்டேன். சேரும் மாற்றலாகிப் போனார். நானும் ஓய்வு பெற்றேன்.

இப்போது அறையில் பெண்பிள்ளை இருக்கிறாள். பச்சைத் துணி இன்னும் இருக்கிறதாம், மடிப்பைப் புதிதாகத் தைத்திருக்கிறார்களாம். எனக்கு மனது நிம்மதியாக இருக்கிறது. ஆனால் மகள், நீ கேட்டதற்கு என் பதில் துணியைப் பற்றியது மட்டும் இல்லை. கொஞ்ச நாளைக்கு முன் நான் கண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

மருதமுனையில் ஒரு மையித்து வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போயிருந்தேன். இளம் பெண். மாப்பிள்ளை கடலுக்குப் போன இடத்தில் மௌத்தானவர். திரை கட்டியிருந்தது. நாங்கள் இந்தப் பக்கம் பாயில் இருந்தோம். ஒருவர், "பாவம், ராவெல்லாம் அழுகையும் தொழுகையும்தானாம்" என்றார். மற்றவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள்.

மூலையில் இருந்த ஒரு மனிசி எழுந்தா. நரைத்த தலை, நல்ல திடம். ஹாஜறா. என்னை அவ கவனிக்கவில்லை. நேரே போய்த் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா. இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உள்ளேயிருந்து அவவின் குரல் கேட்டது.

"அழு புள்ள, தொழு. அது உன்ட விருப்பம். நான் வேறொண்டு கேக்கன். ராவுக்குப் படுக்க ஏலுமா உனக்கு? எத்தன தலகாணி? எங்க, கால நீட்டு பாப்பம்."

திரைக்கு இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் பெண்ணின் குரல், அழுது கட்டிய குரல்தான், ஆனால் மூச்சு வாங்காத குரல், சொன்னது.

"படுப்பன் மாமி. தலகாணியே வைக்கிறதில்ல. இருக்கிற ஒண்டயும் சின்னவன்தான் இழுத்தெடுக்கான்."